ரிவாக்கின் ரொட்டி: அஸ்ஹரில் இடம் தேடிய மாணவர்கள்

ஷஅபானில் பட்டமளிப்பு விழாக்கள் முடிந்து, ஷவ்வாலில் மத்ரஸாக்கள் மீண்டும் திறக்கும் இடைக்காலத்தில், தென்காசி, கடையநல்லூர், வடகரை வட்டாரத்து இளம் ஆலிம்கள் தம் உஸ்தாதுகளிடம் ஆண்டு தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: கெய்ரோவின் அல்அஸ்ஹருக்கு விண்ணப்பிப்பது எவ்வாறு? படிவம், கடவுச்சீட்டு, ஸனதின் மொழிபெயர்ப்பு, பயணச் செலவு என்று பேச்சு அவற்றைச் சுற்றியே நடக்கும். அந்தப் பெருங்கல்விக்கூடத்தில் ஓர் இடம் என்பது முற்காலத்தில் எப்படிக் கிடைத்தது, கிடைத்தவர்கள் அந்நகரில் எதை உண்டு, எங்கே உறங்கிக் கற்றார்கள் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. அதை அறியாமல் போகிற மாணவர் அங்கே சென்று ஏமாற்றமடைவதும் உண்டு. எனவே அவ்வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவது பயன் தரும்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் மாணவர் விமானம் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கெய்ரோவில் நுழைந்துவிடுகிறார். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் மத்ரஸாக்களில் ஓதப்படும் 'நூருல் ஈளாஹ்' நூலின் ஆசிரியர் ஹஸன் அஷ்ஷுரும்புலாலீ (இறப்பு ஹிஜ்ரி 1069, கி.பி. 1659) அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். 'தஃப்ஸீர் ஜலாலைன்' நூலின் இரு ஜலால்களாகிய மஹல்லீயும் ஸுயூத்தீயும் கெய்ரோவாசிகள். அல்ஃபிய்யாவுக்கு உரை வகுத்த இப்னு அகீலும் 'கத்ருன் நதா' தந்த இப்னு ஹிஷாமும் அந்நகரிலேயே வாழ்ந்து மறைந்தனர். எதிர்த்திசைப் பயணமும் நடந்துள்ளது. மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்' கெய்ரோ அச்சகங்களில் பலமுறை அச்சேறி, அரபு நாடுகளின் ஷாஃபிஈ மாணவர் கைகளில் தவழ்ந்தது. ஆகவே குற்றாலச் சாரல் நனைக்கும் ஓர் ஊரின் மத்ரஸாத் திண்ணைக்கும் நைல் கரைக்கும் இடையிலான வழி புதியதன்று.

ஃபாத்திமிய்யத் தளபதி ஜவ்ஹர் எழுப்பிய அஸ்ஹர் பள்ளியில் முதல் ஜும்ஆ ஹிஜ்ரி 361 (கி.பி. 972) ரமளானில் நிறைவேறியது. அது ஷீஆப் பிரிவினரான இஸ்மாஈலிகளின் கொள்கையைப் பரப்பும் மையமாகவே தொடங்கிற்று என்பதை நம்மவர் பலர் சொல்லத் தயங்குவர்; தயங்க வேண்டியதில்லை. கல்விக்கூடம் என்ற வகையில் அதற்கு அடித்தளமிட்ட செயல் ஹிஜ்ரி 378இல் (கி.பி. 988) நிகழ்ந்தது. அமைச்சர் யஃகூப் இப்னு கில்லிஸின் வேண்டுகோளின்படி கலீஃபா அல்அஸீஸ் 35 அறிஞர்களுக்கு மாத ஊதியம் விதித்து, பள்ளியின் அருகிலேயே அவர்கள் தங்க ஒரு வீட்டையும் கட்டிக்கொடுத்தார். பாடம், படி, படுக்கை ஆகிய மூன்றும் ஒரே கூரையின் நிழலில் சேர்ந்தது அங்கேதான். ஸலாஹுத்தீன் அய்யூபீ ஹிஜ்ரி 567இல் (கி.பி. 1171) ஃபாத்திமிய்ய ஆட்சியை முடித்தபின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அங்கே ஜும்ஆ நடைபெறவில்லை. ஹிஜ்ரி 665இல் (கி.பி. 1266) ஸுல்தான் பைபர்ஸ் அதை மீட்டார். அதன்பின் அஸ்ஹர் நான்கு மத்ஹபுகளின் இல்லமாயிற்று.

வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (இறப்பு ஹிஜ்ரி 845) தம் காலத்து அஸ்ஹரைப் பற்றி எழுதும் பகுதி மாணவர் வாழ்வுக்கு அரிய சான்றாகும். ஹிஜ்ரி 818இல் (கி.பி. 1415) அங்கே நிரந்தரமாகத் தங்கியிருந்தோர் 750 பேர். பாரசீகர், ஸைலா கரையினர், எகிப்தின் கிராமத்தார், மக்ரிபிகள் என ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் அவரவர் பெயரால் ஒரு ரிவாக் இருந்தது. பெட்டிகளையும் உடைமைகளையும் அங்கேயே வைத்துக்கொண்டு குர்ஆன், ஃபிக்ஹ், ஹதீஸ், நஹ்வு ஓதினர். செல்வர்கள் உணவும் பணமும் அனுப்பினர். அவ்வாண்டில் பொறுப்பேற்ற ஸூதூப் என்ற அமீருக்கு இது பிடிக்கவில்லை. பள்ளியில் எவரும் தங்கலாகாது என ஆணையிட்டு அனைவரையும் வெளியேற்றினார். ஓர் இரவு இஷாவுக்குப் பின் ஆட்களோடு புகுந்தபோது, உறங்கிக்கொண்டிருந்தோரின் உடையும் பணமும் சூறையாடப்பட்டன. சில காலத்திலேயே அந்த அமீரை ஸுல்தான் கைது செய்து சிறையிலிட்டதையும் மக்ரீஸீ மறவாமல் எழுதுகிறார். விடுதி மாணவருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான பூசல் அறுநூறு ஆண்டுப் பழமையுடையது போலும்!

ரிவாக் என்பது சொல்லளவில் தாழ்வாரம். நடைமுறையில் அது ஊர்க்காரர் இல்லம். கெய்ரோவில் யாரையும் அறியாத மாணவர் தம் நாட்டு ரிவாக்கைத் தேடிச் சென்றால் படுக்க இடம், தம் மொழி பேசும் துணை, அன்றாடம் சில ரொட்டிகள் ஆகியவை கிடைத்தன. இந்த ரொட்டிப் படிக்கு 'ஜிராயா' என்று பெயர். அதற்கான செலவை வக்ஃபு நிலங்களின் வருவாய் தாங்கிற்று. ஷாம், துருக்கி, மக்ரிப் நாட்டாரின் ரிவாக்குகள் பெரியவை. ஜாவா நாட்டாருக்கும் இந்தியருக்கும் சிறு ரிவாக்குகள் இருந்தன.

நம் வட்டாரத்தார் இம்முறையை விளங்கிக்கொள்வது எளிது. கடையநல்லூரிலும் தென்காசியிலுமிருந்து பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்றவர்களும் முதலில் ஊர்க்காரர் நிழலில்தான் ஒதுங்கினர். 1941இல் அங்கே உருவான சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் ஓய்ந்ததும் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிற்று. பின்னர் அதுவே சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. ஊர்ப் பிணைப்பு வயிற்றுப்பாட்டோடு நின்றுவிடாமல் கல்வியாக மாறியதற்கு, கூலி வேலைக்குச் சென்ற நம் மூத்தவர்கள் தந்த சான்று அது. இதைத் தென்காசி மாவட்டத்துப் பிள்ளைகளே அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இனி, அஸ்ஹரில் சேரும் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை விண்ணப்பம் என்ற ஒன்றே அங்கு இல்லை. மாணவர் வந்தார், தூண்களில் ஒன்றின் அருகே அமர்ந்து பாடம் நடத்தும் ஷைகை நாடினார், அவருடைய ஹல்காவில் உட்கார்ந்தார். பிடிக்காவிடில் மறுநாள் வேறு தூண். வயது, ஆண்டுக் கணக்கு, வருகைப் பதிவு எதுவுமில்லை. குறித்த கிதாபை ஓதி முடித்தபின் ஆசிரியர் எழுதித் தரும் இஜாஸாவே சான்று. ஆசிரியரை மாணவர் தேர்ந்தெடுக்கும் இவ்வுரிமையைப் புகழ்ந்துரைப்போர் நம்மிடையே பலர். புகழுக்கு அது தகுதியானதே. ஆனால் இருபது ஆண்டுகள் தாழ்வாரத்தில் கிடந்து, ஒன்றையும் கற்று முடிக்காமல், ரொட்டிப் படிக்காகவே பெயரை வைத்திருந்தோரும் அதே முறையின் பிள்ளைகள்தாம். யார் ஆலிம், யார் ஆலிமல்லர் என்று சொல்ல ஓர் அளவுகோல் இல்லாதிருந்தது.

அந்த அளவுகோல் 1872இல் வந்தது. ஷைகுல் அஸ்ஹர் முஹம்மத் அல்அப்பாஸீ அல்மஹ்தீயின் காலத்தில் 'ஆலிமிய்யா' பட்டத்துக்கு 11 பாடங்களில் தேர்வு ஏற்படுத்தப்பட்டு, தேறியோர் மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டனர். 1896ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவாயிலையும் வரையறுத்தது. சேர விரும்புவோர் 15 வயது நிரம்பியவராய், எழுதப் படிக்கத் தெரிந்தவராய், குர்ஆனில் குறைந்தது பாதியை மனனம் செய்தவராய் இருத்தல் வேண்டும். பார்வையற்றோர் முழுவதையும் மனனம் செய்திருத்தல் வேண்டும். எட்டு ஆண்டுகளில் 'அஹ்லிய்யா', பன்னிரண்டு ஆண்டுகளில் 'ஆலிமிய்யா'. இச்சீர்திருத்தத்தின் பின்னணியில் உழைத்தவர் முஹம்மத் அப்துஹு. அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் நமக்கு உடன்பாடில்லை. எனினும் மாணவர் நலத்திலும் நிர்வாக ஒழுங்கிலும் அவர் காட்டிய அக்கறையை மறுப்பது நீதியாகாது.

இந்தப் புதிய வாயில் வழியே நுழைந்த ஒருவர் தம் அனுபவத்தை எழுதிவைத்திருப்பது நம் நற்பேறு. 1902இல் மேல் எகிப்தின் சிற்றூரொன்றிலிருந்து கெய்ரோ வந்த பார்வையற்ற சிறுவர் தாஹா ஹுஸைன், தம் 'அல்அய்யாம்' நூலில் சேர்க்கைத் தேர்வை வர்ணிக்கிறார். குர்ஆனில் ஓரிடம் ஓதச் சொன்னார்கள், ஓதினார். இன்னோரிடம் ஓதத் தொடங்கியதும், போதுமென்று நிறுத்தி, அவருடைய பார்வையின்மையையே பெயராக வைத்து அழைத்து, போகச் சொன்னார் தேர்வாளர். தேறிய மகிழ்ச்சியை விட அந்த அழைப்பு தந்த காயமே அவர் நெஞ்சில் நின்றது. பின்னர் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி, அதன் முனையில் ஈய முத்திரை பதித்தார்கள். மருத்துவப் பரிசோதனை முடியும்வரை அதைக் கழற்றலாகாது. பதின்மூன்று வயதுச் சிறுவரைப் பார்த்த மருத்துவர் பதினைந்து என்று எழுதியதால் இடம் கிடைத்தது. வாயிற்காப்போர் எக்காலத்தும் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒரே குணத்தினர் என்று தோன்றுகிறது.

மாணவரின் அன்றாடத்தை அந்நூல் காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டுவதில்லை. வைகறையில் உஸூல், முற்பகலில் ஃபிக்ஹ், நண்பகலுக்குப் பின் இலக்கணம், மாலையில் மன்திக். இடையே அறைக்குத் திரும்பி அவித்த மொச்சையும் ரொட்டியும் ஊறுகாயும். அதன்பின் பல சுற்றுத் தேநீர். பாடத்துக்கு முன் முதாலஆ, பின் தக்றார். நம் விடுதிகளில் ஓதிய எவருக்கும் இவ்வொழுங்கு அந்நியமாய்த் தோன்றாது. ரிவாக் ரொட்டியில் வைக்கோலும் மணலும் கலந்திருக்கும். அதைக் கரும்புப் பாகில் தோய்த்து உண்டே நாள்களைக் கழித்ததாக அவர் எழுதுகிறார். கெய்ரோவின் இரைச்சலும் நெரிசலும் அவரை அச்சுறுத்தின; தூண்களுக்கிடையே வீசும் காற்றில்தான் அமைதி கண்டார். (நம் மாணவருக்குக் குற்றாலம் பக்கத்தில் இருந்தும் பயனில்லை: விடுமுறை ரமளானைத் தொடர்வதால், சாரலோடு அது சேர்வது பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே. 2014 முதல் 2016 வரை அப்படி வாய்த்தது. நோன்பு நாளில் அருவியில் நிற்கலாமா என்ற மஸ்அலாவும் கூடவே வந்தது!) தாஹா ஹுஸைன் பின்னாளில் அஸ்ஹரோடு முரண்பட்டு, 1908இல் தொடங்கிய புதிய எகிப்தியப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அவருடைய இலக்கிய ஆய்வு முடிவுகள் சில கடும் மறுப்புக்குரியவை. ஆயினும் மாணவர் வாழ்வுக்குச் சாட்சி என்ற வகையில் அவரை விலக்கிவிட இயலாது.

அஸ்ஹரின் பெயருக்கு நம் நாட்டில் இருந்த ஈர்ப்புக்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அஸ்ஹரில் பயின்றவர் என்று இன்றும் மேடைகளில் கேட்கிறோம். மஹாதேவ் தேசாய் எழுதிய வாழ்க்கைக் குறிப்பிலும் அவ்வாறே காணப்பட்டது. ஆஸாத் தம் இறப்புக்குப்பின் 1959இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதை வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார்: 1908இல் கெய்ரோ சென்றது உண்மை, மாணவராய் இருந்ததில்லை, அன்றைய அஸ்ஹரின் பாடமுறை அவருக்கு நிறைவளிக்கவுமில்லை. தமிழுலகுக்கு எகிப்தின் கல்விக் காற்று வேறொரு வழியாக வந்தது. இளமையில் அஸ்ஹரில் சிறிது காலம் ஓதிய அஹ்மத் உராபி பாஷா, ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு 1883இல் கொழும்பு வந்து சேர்ந்தார். 1901 வரை இலங்கையில் வாழ்ந்தார். 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்திய அறிஞர் சித்தி லெப்பை அவரோடு தோள்சேர்ந்து உழைத்ததன் விளைவே 1892இல் கொழும்பில் திறக்கப்பட்ட ஸாஹிரா மத்ரஸா. பிற்காலத்து ஸாஹிராக் கல்லூரி அதுவே. சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' என்னும் தமிழ்ப் புதினத்தின் நாயகன் கெய்ரோவில் பிறந்தவனாக அமைந்தது தற்செயலன்று.

1930இல் அஸ்ஹர் மூன்று கல்லூரிகளாக (உஸூலுத்தீன், ஷரீஆ, அரபு மொழி) வகுக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 103ஆம் எண் சட்டம் மருத்துவம், பொறியியல் முதலியவற்றையும் பெண்களுக்கான கல்லூரியையும் சேர்த்தது. வெளிநாட்டு மாணவருக்கென அப்பாஸிய்யாப் பகுதியில் எழுந்த 'மதீனத்துல் புஊஸ்' குடியிருப்பு பழைய ரிவாக்குகளின் பணியை ஏற்றுக்கொண்டது. தாழ்வாரம் கட்டடமாயிற்று, படியும் தங்குமிடமும் தொடர்ந்தன. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று. அதன் இடத்தில் வந்தது 'முஆதலா' எனப்படும் சான்றிதழ் நிகர்மதிப்பு.

நம் மாணவருக்கு உண்மையான தடை இங்கேதான் நிற்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு மத்ரஸா வந்து, ஏழு ஜும்ராக்களை முடித்து ஸனது பெற்ற இளைஞரிடம், அவர் ஓதிய மத்ரஸாவின் ஸனதை அப்பல்கலைக்கழகம் எந்த வகுப்புக்கு நிகராகக் கொள்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் விடையில்லை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றும் கையில் இல்லை. கெய்ரோவுக்கு மட்டுமன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலிலும் அவர் அதே இடத்தில் நிற்க நேர்கிறது. ஓதும் காலத்திலேயே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தனித்தேர்வராக எழுதச் செய்யும் மத்ரஸாக்கள் தமிழகத்தில் இப்போது உள்ளன. அதனால் கிதாபு ஓதுதலின் தரம் குன்றும் என்று எதிர்ப்போரின் அச்சம் பொருளற்றதன்று. பாடச் சுமை உண்மையில் கூடுகிறது. ஆனால் 1896இல் அஸ்ஹர் வரையறைகளை விதித்தபோதும் இதே அச்சம் அங்கே ஒலித்தது. அதன்பின்னும் அங்கிருந்து ஃபகீஹ்கள் தோன்றாமற் போகவில்லை.

மற்றொரு குறை நம் வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது. அல்ஃபிய்யாவின் உரையை வரி வரியாக விளக்க வல்ல மாணவர், அரபியில் தம் ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் பேசத் திணறுகிறார். கெய்ரோவில் பேராசிரியர் இலக்கண அரபியில் விரைந்து பேசுவார். கடைக்காரர் எகிப்தியப் பேச்சரபியில் பேசுவார். முதல் சில மாதங்கள் இரண்டும் பிடிபடா. கிதாபை முன்வைத்துத் தமிழில் பொருள் சொல்லும் நம் பாடமுறை மூலநூலின் நுட்பத்தைக் கைவரச் செய்கிறது, செவியையும் நாவையும் பழக்குவதில்லை. ஆறாம், ஏழாம் ஜும்ராக்களில் ஒரு பாடத்தையேனும் முழுவதும் அரபியில் நடத்தினால் இக்குறை பெரிதும் நீங்கும். தொடங்குவதற்கு 'நூருல் ஈளாஹ்' போதும். அதன் ஆசிரியர் அதை அம்மொழியில்தான் அஸ்ஹரின் தூணடியில் அமர்ந்து நடத்தினார்.