மெக்டவல் கவுண்டி

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத் தென்கோடியில், அப்பலாச்சிய மலைகளுக்கிடையே உள்ள கவுண்டி. நிர்வாகத் தலைமையிடம் வெல்ச். 1858இல், அப்போதைய வர்ஜீனியா மாநிலத்தில் உருவாக்கப்பட்டது.

ரயில் பாதை வந்த பின் நிலக்கரியே இதன் பொருளாதாரமானது. சுரங்க வேலைக்குத் தென் மாநிலக் கறுப்பினத்தவரும் இத்தாலி, ஹங்கேரி முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் திரண்டனர். வீடு, கடை அனைத்தும் கம்பெனிக்கே சொந்தமான குடியிருப்புகள் பள்ளத்தாக்குகளில் எழுந்தன. 1950இல் மக்கள்தொகை 98,887. இயந்திரங்கள் ஆட்களின் இடத்தைப் பிடித்ததும் சரிவு தொடங்கியது. 1980களில் இந்த நிலக்கரியை வாங்கிய எஃகு ஆலைகள் நொடித்தபோது அது வேகமெடுத்தது. 2020 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 19,111 பேர். இதில் இங்குள்ள கூட்டாட்சிச் சிறையின் கைதிகளும் அடக்கம் என்பதால், ஊர்க்காரர்கள் இன்னும் குறைவு. பெரும்பான்மையினர் வெள்ளையர், கறுப்பினத்தவர் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு.

வறுமை இங்கே புதிதல்ல. ஏழைகள் உணவு வாங்க உதவும் உணவு முத்திரைச் சோதனைத் திட்டத்தை அதிபர் கென்னடி 1961இல் தொடங்கியபோது, முதல் முத்திரைகளைப் பெற்றது இக்கவுண்டியின் ஒரு குடும்பமே. இங்குள்ள கிம்பல் என்ற ஊரில் இருந்த வால்மார்ட் பேரங்காடி 2016இல் மூடப்பட்டது. மளிகைக் கடைகள் அரிதான மலைப்பகுதியில் அது சிறிய இழப்பல்ல.

சுரங்கத் தொழிற்சங்கத்தின் செல்வாக்கால் நெடுங்காலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2008இல் ஒபாமாவுக்கு வாக்களித்த இதே கவுண்டி 2012இல் குடியரசுக் கட்சியின் ராம்னியிடம் சாய்ந்தது. 2016இல் ஏறத்தாழ முக்கால்வாசி வாக்குகளை டிரம்புக்கு அளித்தது. இந்த மாற்றத்துக்கு நிலக்கரி மீதான அரசின் கட்டுப்பாடுகளை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. சங்கத்தின் தேய்வும் பங்காற்றியது.