கொல்லும் அலுவல்: ஸ்டீபன் கிங்கின் சிறை நாவலும் தமிழ்ச் சிறை எழுத்தும்

திகில் கதைகளுக்குப் பெயர்பெற்ற ஸ்டீபன் கிங், 1996 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மாதம் ஒரு சிறுநூலாக வெளியிட்ட நாவல் 'தி கிரீன் மைல்'. 1932இல் அமெரிக்கத் தென்மாநிலச் சிறையொன்றின் மரண தண்டனைப் பிரிவில் கதை நடக்கிறது. நோயைத் தொட்டுக் குணமாக்கும் ஜான் காஃபி என்ற கறுப்பினக் கைதியின் அற்புத ஆற்றலே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் நாவலின் மெய்யான திகில், நல்லவர்கள் முறைப்படி செய்து முடிக்கும் அலுவலில்தான் உள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கதை நடக்கும் காலத்துக்கு ஓராண்டு முன், 1931இல்தான், சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வட்டாரத்துக்கு மின்சாரம் புதுக்காலத்தின் வசதியாக வந்த அந்நாட்களில், அமெரிக்கச் சிறைகளில் அது மின்நாற்காலி வடிவில், தூக்கைவிட நாகரிகமான சாவுக்கு வழி என்ற பெயரில் ஏற்கெனவே புழங்கியது. கிங் உடைப்பது அந்த நம்பிக்கையை. தண்டனைக்கு முன் காவலர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். சிறையில் எடுபிடி வேலை பார்க்கும் ஒரு முதியவர் நாற்காலியில் அமர்ந்து, சாகப்போகிறவனாக நடித்துச் சிரிக்க வைக்கிறார். பிறகு தெலக்ரோய் என்பவனின் முறை வருகிறது. தலையில் வைக்கும் பஞ்சை உப்புநீரில் நனைக்க வேண்டும். ஒரு காவலன் வேண்டுமென்றே உலர்ந்த பஞ்சை வைக்கிறான். தெலக்ரோய் எரிந்தே சாகிறான். முறை பிசகியபோதுதான் முறையின் உள்ளடக்கம் வெளிப்படுகிறது.

கதைசொல்லி பால் எட்ஜ்கோம் தலைமைக் காவலர். காஃபி நிரபராதி என்றறிந்த பின்னும் தண்டனையை நிறைவேற்றுபவர். இந்தக் குரல் தமிழில் அரிது. 1983இல் குண்டூர்க் காவல்நிலையத்தில் தான் பட்ட வதையை மு. சந்திரகுமார் 'லாக்கப்' நாவலாக்கினார். அதைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' திரைப்படம் 2016இல் திரையரங்குகளில் வெளிவந்தது. சி. ஏ. பாலனின் 'தூக்குமர நிழலில்' தன்வரலாறும் சிறைப்பட்டவரின் சாட்சியமே. தூக்கிலிடுபவரின் மனத்தைத் தமிழ் வாசகர் அறிந்தது பெரும்பாலும் சசி வாரியர், கே. ஆர். மீரா ஆகியோரின் நாவல்களது மொழிபெயர்ப்பு வழியாக.

கிங்கிடமும் ஒரு குறை உண்டு. உலகத்தின் வலியைத் தாங்கிக் களைத்துவிட்டதாகச் சொல்லிக் காஃபியே சாவுக்கு இசைகிறான். அந்த இசைவு காவலரின் குற்றத்தையும் வாசகரின் கூச்சத்தையும் ஒருசேரத் தணித்துவிடுகிறது. வெள்ளையரின் நன்மைக்காகவே அற்புதம் செய்யும் கறுப்பினப் பாத்திரங்கள் மீது இயக்குநர் ஸ்பைக் லீ வைத்த கண்டனம் இங்கே முழுதும் பொருந்தும். 'லாக்கப்' இத்தகைய ஆறுதல் எதையும் தருவதில்லை. அடிபட்டவர் அடித்தவரை மன்னித்து வழியனுப்புவதில்லை.

ஆகவே கிங்கிடமிருந்து தமிழ் நாவல் எடுத்துக்கொள்ளத் தக்கது காவலரின் பார்வைக்கோணம். தள்ளத் தக்கது அற்புதம் தரும் பாவமன்னிப்பு. லத்தி பிடித்த கையின் கதையை அந்தக் கைக்குரியவரே சொல்லும் நாவல் தமிழில் எழுதப்பட வேண்டும். வதையை மறைக்கும் ஒழுங்கை உள்ளிருந்து காட்ட அவரால்தான் முடியும்.