விற்க முடிகிற கருவியே நம் கருவி

மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பேஸ் கிதார் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது, நாற்பது வருடம் திருவிழா மேடை, கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம் என்று அலைந்த கிதார். கட்டை விரல் ஊன்றிய இடத்தில் பெயிண்ட் போய் மரம் தெரிகிறது. வாங்க வருகிறவர் இரண்டு கேள்வி கேட்பார்: என்ன கம்பெனி, எந்த வருடம்? மூன்றாவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. இதை வாசித்தது யார்?

தோழர்களே, அந்த மூன்றாவது கேள்வியைத்தான் நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். பேட்டை என்றாலே வாங்கல் விற்றல் நடக்கிற ஊர் என்று பொருள். அப்படிப் பெயர் பெற்ற ஊரிலும்கூட, ஓர் இசைக்கருவியைத் தன்னுடையது என்று சொல்லி விலை பேசும் உரிமை எல்லாருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கீழே வைக்க முடியாத கருவி

முதலில் பறை. வட்டமான மரச்சட்டம், அதில் ஒட்டிய மாட்டுத்தோல், கையில் இரண்டு குச்சி, சுருதி ஏற்றத் தீ. கருவி என்ற அளவில் அதில் எந்த இழிவும் இல்லை. சாவு விழுந்தால் இன்னார் வந்து அடிக்க வேண்டும், தண்டோரா போட இன்னார் ஓட வேண்டும், செத்த மாட்டை இன்னார் தூக்க வேண்டும் என்று ஊர் விதித்ததுதான் இழிவு. கூலியும் பேசி வாங்கியதல்ல. அறுப்புக் காலத்தில் களத்தில் அளந்து போட்டதுதான் கூலி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தச்சர் உளியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனால் ஊர் அவரை அடிக்க வராது. பறையைக் கீழே வைத்தவரை ஊர் விட்டுவைத்ததா? தண்ணீரை அடைத்தார்கள், கடையில் சாமான் கொடுக்க மறுத்தார்கள், வயல் வேலையை நிறுத்தினார்கள். பறை அவர் கையில் இருந்தது. ஆனால் அவர் ஊரின் கையில் இருந்தார். கீழே வைக்கவோ விற்கவோ முடியாத ஒன்றை உடைமை என்று எப்படிச் சொல்வது?

மறுத்தவர்களின் மண்

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. விழுப்புரம் 1993இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது. ஆக, மணலூர்பேட்டையின் பழைய வரலாறு தென்னாற்காட்டு வரலாறுதான். அந்தத் தென்னாற்காட்டில் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்தவர் எல்.இளையபெருமாள். 1952இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே நாடாளுமன்றம் போனவர். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று சேரி சேரியாக மக்களைத் திரட்டியவர்.

ஒன்றிய அரசு 1965இல் அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்கு அவரே தலைவர். 1969இல் அறிக்கை வந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தமிழ்நாடு அரசு 1970இல் பரம்பரை அர்ச்சகர் நியமனத்தை ஒழிக்கும் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தபோது இந்த அறிக்கையைத்தான் காரணமாகக் காட்டியது.

பறையை விட்டுவிட்டு அர்ச்சகர் பக்கம் ஏன் போகிறீர்கள் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. ஒரு முனையில் 'பரம்பரை' என்பது மணி ஆட்டும் உரிமை, யாரும் பறிக்கக் கூடாதது. மறுமுனையில் அதே 'பரம்பரை' என்பது பறையடிக்கும் கட்டாயம், யாரும் தப்பக் கூடாதது. பறையடிக்க மறுத்தவரும் பரம்பரை அர்ச்சகரை எதிர்த்தவரும் ஒரே மனிதராக இருந்தது தற்செயல் அல்ல.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2015இல் வந்த திருத்தம், பிணத்தையோ செத்த விலங்கையோ சுமக்க வைப்பதையும் குழி தோண்ட வைப்பதையும் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. இதை மாணவத் தோழர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுத்த தலைமுறைக்குப் பிறகு, மீட்ட தலைமுறை வந்தது. 1990களில் மதுரையில் நடந்த தலித் கலை விழாக்கள் பறையை மேடையில் ஏற்றின. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். 2025இல் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறையைத் தூக்கி எறிந்தது சரியா, திரும்ப எடுத்தது சரியா என்று நம் கூட்டங்களில் இன்னும் சண்டை நடக்கிறது. நாம் சொல்வது இதுதான்: மறுக்கும் உரிமை கிடைத்த பிறகுதான் வாசிப்பது கலையாகிறது. முதல் தலைமுறை மறுக்காமல் இருந்திருந்தால் இரண்டாம் தலைமுறை மேடை ஏறியிருக்க முடியாது.

காசு கொடுத்து வாங்கிய கருவி

இப்போது பேஸ் கிதாருக்கு வருவோம். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாத வாத்தியக்காரர்களுக்காக, அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற எலக்ட்ரிக் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நான்கு தடித்த கம்பி. கம்பிக்கு அடியில் காந்தமும் செப்புச் சுருளும். கம்பி அதிர்ந்தால் மின்சாரம் பிறந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். பாட்டில் இது தனியாகக் காதில் விழாது. நிறுத்திப் பாருங்கள், பாட்டே படுத்துவிடும்.

இந்தக் கருவி நம் ஊருக்கு வந்தபோது இதற்கென்று ஒரு சாதி விதிக்கப்பட்டிருக்கவில்லை. கோயில் உரிமையும் இல்லை, சாவு மேளக் கட்டாயமும் இல்லை. காசு இருந்தால் வாங்கலாம். கஷ்டம் வந்தால் விற்கலாம். சேரியிலிருந்து மெல்லிசைக் குழுவுக்குப் போன இளைஞருக்கு இது சின்ன விஷயம் அல்ல. மனசு இல்லையென்றால் வாசிக்காமலும் இருக்கலாம் என்கிற முதல் கருவி அது.

இசைக்காக ஒரு பொருளை விற்ற கதை ஒன்று தமிழ்நாடே அறிந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்து வளர்ந்த இளையராஜா சென்னைக்குக் கிளம்பியபோது, தாய் சின்னத்தாயம்மாள் வீட்டில் இருந்த ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார். இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். தன்னைச் சாதிப் பெயரால் அழைப்பதை அவர் ஏற்பதில்லை. அந்த மறுப்பையும் நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தத் தாய் செய்ததைக் கவனியுங்கள். பாட்டுக் கேட்கும் பெட்டியை விற்றுப் பாட்டு உண்டாக்கும் வாய்ப்பை வாங்கினார். விற்பதற்கு ஒரு பொருள் சொந்தமாக இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பிறகு அவர் பாடல்களில் பேஸ் கிதார் கூடவே நடந்து பேசுகிற இன்னொரு குரலாக மாறியது. அவற்றில் பலவற்றுக்கு வாசித்தவர் சசிதரன். ஆனால் நம் வீட்டுக் கேசட் அட்டைகளில் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர் இருக்கும். பேஸ் வாசித்தவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

காணாமல் போன இரண்டு கிதார்கள்

பெயர் விடுபடுவது இங்கே மட்டும் நடந்ததல்ல. ஜேம்ஸ் ஜேமர்சன் 1936இல் தெற்குக் கரோலினாவில் பிறந்த கறுப்பர். டெட்ராய்ட் நகரின் மோடவுன் கம்பெனிக்காக நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர். உலகமே அவர் விரலுக்கு ஆடியது. இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் ஆல்பம் ஒன்றில்தான் முதல் தடவையாக அச்சாகியது. 1983இல் மோடவுனின் 25ஆம் ஆண்டு விழா நடந்தபோது அவருக்கு மேடையில் இடமில்லை. டிக்கெட் வாங்கிப் பார்வையாளர்களோடு உட்கார்ந்தார். அதே வருடம் இறந்துபோனார். இறப்பதற்குச் சற்று முன்பு அவருடைய 1962ஆம் வருடத்து பிரிசிஷன் பேஸ் திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. அதைத் தேட ஒரு குழுவே கிளம்பியது. பத்திரிகைகள் எழுதின, உலகம் முழுவதிலிருந்தும் தகவல் வந்தது. கிதார் அவரிடமே திரும்பிவிட்டது என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள்.

மெக்கார்ட்னி மீது நமக்குக் கோபம் இல்லை. ஜேமர்சனின் தாக்கம் தன்மீது உண்டு என்று சொன்னவர்தான் அவர். நாம் பார்க்க வேண்டியது வேறு. எந்தக் கையின் பெயர் எழுதி வைக்கப்பட்டதோ அந்தக் கையின் கிதாரைத் தேட உலகம் கிளம்புகிறது. பெயர் எழுதப்படாத கையின் கிதார் பழைய சாமானாகப் போய்விடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஃபெண்டர் கம்பெனி 1995 முதல் புதுக் கிதாரையே வேண்டுமென்று கீறி, பெயிண்டைச் சுரண்டி, பழசு மாதிரி ஆக்கிக் கூடுதல் விலைக்கு விற்கிறது. உழைத்த தேய்மானத்தைப் போல ஒரு தேய்மானத்தைப் பட்டறையில் செய்து காசு பார்க்கிறார்கள். உண்மையாக உழைத்துத் தேய்ந்த நம்மூர்க் கிதாரைப் பார்த்தால் மட்டும், "அடிபட்ட சாமான், குறைச்சுக் கொடுங்க" என்கிறார்கள். தேய்மானம் ஒன்றுதான். யாருடைய தேய்மானம் என்பதில்தான் விலை இருக்கிறது.

விற்பதற்கு முன்

ஊர்ப்பக்கக் குழுக்களில் பேஸ் கிதாரின் வேலையைக் கீபோர்டின் இடது கையும், பதிவு செய்த டிராக்கும் எடுத்துக்கொண்டன. பழைய கருவிகள் பரணிலிருந்து இறங்கி விலைக்கு வருகின்றன. விற்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு விற்கிறவரிடம் பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று பிரசங்கம் செய்ய நமக்கு என்ன உரிமை? விற்க முடிவதே ஒரு வெற்றி என்றுதான் இவ்வளவு நேரம் பேசினோம்.

ஆனால் ஏமாறாமல் விற்க வேண்டும், பெயரை விட்டுவிடாமல் விற்க வேண்டும். மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் சுற்றுவட்டார மாணவர்கள் இதைச் செய்யலாம். கிதாரின் சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவரை வைத்துத் திறந்து, கழுத்துக் கட்டையின் அடியில் தேதி இருக்கிறதா, உள்ளே உள்ள வால்யூம் கண்ட்ரோலில் வருடக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். புதுசு போலக் காட்டுவதற்காக மறுபடி பெயிண்ட் அடிக்காதீர்கள். பழைய கருவிச் சந்தையில் அதுவே விலையைப் பெரிதும் குறைத்துவிடும். மாற்றிய பாகம் எது, பழைய பாகம் எது என்று எழுதுங்கள்.

பிறகு வாசித்தவரை உட்கார வைத்துப் பேசவிட்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். யாரிடம் வாங்கினார், என்ன விலை, யார் சொல்லிக்கொடுத்தது, எந்தெந்த ஊர் மேடை, எந்த ஊரில் மேடைக்குப் பின்னால் தனியாகச் சாப்பாடு போட்டார்கள், எந்த ஊரில் கூலி பாக்கி வைத்தார்கள். எல்லாம் வரட்டும். ஒரு பிரதி வாங்குகிறவருக்கு, ஒரு பிரதி நமக்கு.

ஒவ்வொரு தை 5ஆம் நாளும் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டை தென்பெண்ணைக்கு வருகிறார். ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரள்கிறது. சாமி எந்த வழியாக வந்தது, எங்கே நின்றது என்பதற்குத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மேளம் கொட்டியவர், கிதார் வாசித்தவர், மைக்செட் கட்டியவர் பற்றி யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

அந்தக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். அடுத்த தை மாதத்துக்குள் ஒவ்வொரு தோழரும் ஒரு வாத்தியக்காரரையாவது பதிவு செய்யுங்கள். கிதார் கைமாறட்டும். அதை வாசித்தவரின் பெயர் நம்மோடு இருக்கட்டும்.

ஜெய்பீம்.