தக்காளி இல்லாமல் ரெட் சாஸ்... வீட்டிலேயே செய்யலாம் ஈஸியா!

நைட் பாஸ்தா சாப்பிட்டுட்டுப் படுத்தா நெஞ்சு எரியுதா? `கொஞ்ச நாளைக்குத் தக்காளியே வேண்டாம்' என்று டாக்டர் சொல்லிட்டாரா? அல்லது உங்களுக்குத் தக்காளி அலர்ஜியா? அதுக்காக பாஸ்தாவையும் பீட்சாவையும் மறந்துட வேண்டியதில்லை. கேரட்டும் பீட்ரூட்டும் இருந்தா போதும், சாஸ் ரெடி!

தக்காளி சாஸுக்கு நிறம், புளிப்பு, லேசான இனிப்பு, கூடவே நாக்கில் நிற்கும் `உமாமி' ருசி என நாலு குணங்கள் உண்டு. நிறத்துக்கு பீட்ரூட், இனிப்புக்கு கேரட், புளிப்புக்குப் புளி, உமாமிக்கு நல்லா வதக்கின வெங்காயம். கணக்கு சரியா வருதா?

தேவையானவை:
கேரட் - 250 கிராம்
பீட்ரூட் - 50 கிராம்
பெரிய வெங்காயம் - 1
பூண்டு - 4 பல்
புளி - சுண்டைக்காய் அளவு
எண்ணெய் - 2 டேபிள்ஸ்பூன்
மிளகுத்தூள், ஆரிகானோ, உப்பு - தேவைக்கு

செய்முறை:
கேரட், பீட்ரூட்டைத் தோல் சீவி நறுக்கி, ஒரு கப் தண்ணீர் விட்டு குக்கரில் 3 விசில் வேகவிடுங்கள். நல்லா ஆறின பிறகே மிக்ஸியில் போடணும். சூடா அரைச்சா மூடி தெறிச்சுடும், ஜாக்கிரதை! முதலில் கேரட்டோடு பாதி பீட்ரூட்டை மட்டும் அரைத்து, நிறம் பார்த்து மீதியைச் சேருங்கள். பீட்ரூட் அதிகமானா சாஸ் பிங்க் ஆகி, மண்வாசனை அடிக்கும்.

கடாயில் எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிறுதீயில் பொன்னிறமாகும்வரை 10 நிமிடம் வதக்குங்கள். அவசரப்பட்டா ருசி போச்சு. பூண்டு, அரைத்த விழுது, உப்பு சேர்த்து 5 நிமிடம் கொதித்ததும் புளிக்கரைசல், மிளகுத்தூள், ஆரிகானோ போட்டு, இன்னும் 2 நிமிடத்தில் இறக்கிடலாம்.

யார் எப்படி மாத்திக்கணும்?
* நெஞ்செரிச்சல் இருந்தா: புளி வேண்டாம், மிளகையும் குறைச்சுக்கோங்க. வெங்காயம், பூண்டு ஒத்துக்காதவங்க அதையும் தவிர்த்துடலாம்.
* தக்காளிக் குடும்பமே கூடாதுன்னா: மிளகாய், குடமிளகாய், கத்திரிக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் அதே குடும்பம்தான். அதனால்தான் இதில் காரத்துக்கு மிளகு.
* கிட்னி ஸ்டோன் இருந்தா: பீட்ரூட்டில் ஆக்ஸலேட் அதிகம். கால்சியம் ஆக்ஸலேட் கல் வந்தவங்களுக்கு இந்த சாஸ் வேண்டாம்.
* பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தா: கேரட், பீட்ரூட் ரெண்டிலுமே பொட்டாசியம் உண்டு. டயட்டீஷியனைக் கேட்காமல் சாப்பிடாதீங்க.

பாட்டிலில் அடைக்காதீங்க!
தக்காளி சாஸ் சீக்கிரம் கெடாமல் இருக்க அதன் அமிலத்தன்மையும் ஒரு காரணம். இதில் அது குறைவு. அதனால் வெளியே வைக்காமல், ஃப்ரிட்ஜில் வைத்து 3 நாள்களுக்குள் தீர்த்துடுங்க. மிச்சத்தை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தால், வேண்டும்போது ரெண்டு க்யூப் எடுத்துக்கலாம்.

கடையில் வாங்கும்போதும் ஒரு கண் இருக்கட்டும். மசாலா சிப்ஸ், இன்ஸ்டன்ட் பாஸ்தா, நூடுல்ஸ் மசாலா பாக்கெட்டுகளில் `தக்காளிப் பொடி' ஒளிஞ்சிருக்கலாம். அலர்ஜி உள்ளவங்க பின்பக்க லேபிளைப் படிக்காமல் பிரிக்காதீங்க.

கடைசியா ஒண்ணு... பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் இளஞ்சிவப்பா போகும். அது பீட்ரூட்டின் நிறம்தான், பதறாதீங்க. பீட்ரூட்டை நிறுத்தியும் ரெண்டு நாளுக்கு மேல் அப்படியே இருந்தா மட்டும் டாக்டரைப் பாருங்க!