மருத்துவமனைக்கு வெளியே மயக்க மருந்து: மூன்று வீடுகள், ஒரு கடமை

(நீண்ட பதிவு. மருத்துவ வரலாறும் சட்ட வரலாறும் பயிலும் மாணவர்களை எண்ணி எழுதியது.)

1848 ஜனவரி 28. இங்கிலாந்தில் நியூகாசில் நகரை அடுத்த வின்லேட்டன் என்னும் ஊர். ஹானா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமியை வீட்டில் ஒரு நாற்காலியில் அமர்த்தினர். கால்விரல் நகம் ஒன்றை அகற்ற வேண்டும், அவ்வளவே. மருத்துவர் மெகிசன் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி குளோரோஃபார்மைத் துணியில் ஊற்றி அவள் மூக்கருகே பிடித்தார். சிறிது நேரத்தில் அவள் மயங்கினாள். உதவியாளர் நகத்தில் கத்தி வைத்ததும் உடல் உதறியது, முகம் வெளிறியது. முகத்தில் நீர் தெளித்தனர். வாயில் பிராந்தி புகட்டினர். சிரையைக் கீறிக் குருதி வெளியேற்ற முயன்றனர். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். சில மாதங்களுக்கு முன்னர் இதே சிறுமிக்கு நியூகாசில் மருத்துவமனையில் ஈதர் கொடுத்து வேறொரு நகத்தை அகற்றியிருந்தனர். அப்போது உயிருக்குத் தீங்கு நேரவில்லை.

இறப்பை விசாரித்த நடுவர் குழு, குளோரோஃபார்மின் விளைவாலேயே அவள் இறந்தாள் என்றும், மருத்துவர் மீதோ உதவியாளர் மீதோ குறை இல்லை என்றும் தீர்ப்பளித்தது. இன்று வாசிக்கையில் இத்தீர்ப்பு நமக்கு உறுத்தலாம். ஆனால் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோஃபார்மின் மயக்கும் ஆற்றலைக் கண்டறிந்தது 1847 நவம்பரில்தான். அதன் பின் மூன்று மாதங்கள்கூட நிறையவில்லை. உலகில் எவரும் அறியாத ஒன்றை மெகிசனும் அறியாதிருந்தார். அந்த அறியாமையைக் குற்றம் எனக் கூறவியலாது.

இரண்டாவது வீடு ஓர் அரண்மனை. 1853 ஏப்ரல் 7 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா அரசியின் மகப்பேற்றின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர் ஜான் ஸ்நோ. மடித்த கைக்குட்டையில் ஒவ்வொரு வலிக்கும் சில துளிகள் என 53 நிமிடங்கள் அளந்து கொடுத்தார். அரசி முற்றாக நினைவிழக்கவில்லை. வலியைத் தணிக்க வேண்டிய அளவும் அறுவைக்கு வேண்டிய அளவும் வேறுவேறு என்பது உண்மையே. ஆயினும் ஸ்நோவின் நிதானத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான ஆய்வு இருந்தது. உள்ளிழுக்கும் காற்றில் ஆவி எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டினார். அதைக் கட்டுப்படுத்தக் கருவியும் அமைத்தார். குளோரோஃபார்ம் மரணங்கள் ஐம்பதைத் தொகுத்து ஆராய்ந்த அவரது நூல், அவர் இறந்த 1858ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அத்தொகுப்பில் ஹானாவும் இடம்பெற்றாள்.

இந்த அறிவு வளர்ந்த பாதையில் நம் நாட்டு நகரம் ஒன்றும் உண்டு. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரியின் முயற்சியாலும் நிஜாமின் பொருளுதவியாலும் 1888, 1889ஆம் ஆண்டுகளில் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்கள் செயல்பட்டன. இரண்டாவது ஆணையத்துக்கு இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்திருந்தார். விலங்குகள் பலவற்றில் சோதித்தபின், இதயத்துக்கு முன் மூச்சே நிற்கிறது, ஆதலால் மருந்து கொடுப்பவர் மூச்சைக் கவனித்தால் போதும் என்று ஆணையம் முடிவுகட்டியது. இதன் ஒரு பாதி பிழை. குளோரோஃபார்ம் இதயத்தையே நேரடியாக நிறுத்தக்கூடும் என்பதை 1911இல் குட்மன் லெவி நிறுவினார். மறுபாதி நிலைத்தது: மருந்து கொடுப்பவரின் கண் நோயாளியின் மூச்சை விட்டு அகலக்கூடாது. 1986இல் அமெரிக்க மயக்கவியல் வல்லுநர் சங்கம் கண்காணிப்பு நெறிகளை வகுத்தபோது முதல் நெறியாக வைத்தது இதைத்தான்: தகுதிபெற்றவர் ஒருவர் அறைக்குள் இடைவிடாது இருக்க வேண்டும்.

மூன்றாவது வீடு லாஸ் ஏஞ்சலஸில் உள்ளது. 2009 ஜூன் 25 அன்று பாடகர் மைக்கேல் ஜாக்சன் அங்குள்ள தம் படுக்கையறையில் உயிரிழந்தார். அவருடைய மருத்துவர் கான்ராட் மர்ரே இதயநோய் மருத்துவர், மயக்கவியலர் அல்லர். அவருக்கு மாதம் 1,50,000 டாலர் ஊதியம் பேசப்பட்டிருந்தது. உறக்கமின்மைக்காக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பெரும்பாலான இரவுகளில் புரொபோஃபால் கொடுத்ததாக அவரே காவல்துறையிடம் கூறினார். புரொபோஃபால் அறுவைக்கூடத்தின் மருந்து. அது மூச்சை ஒடுக்கும். அதன் வினையை முறிக்கும் மாற்று மருந்து கிடையாது. அன்று லொராசெபாம், மிடாசோலாம் ஆகியனவும் சேர்ந்திருந்தன. மர்ரே அறையை விட்டு வெளியே சென்றார். உயிர்வளி அளவைக் காட்டும் கருவியில் ஒலி எச்சரிக்கை இல்லை. மருந்தளவுக் குறிப்பேடு இல்லை. அவசர உதவிக்கு அழைக்கத் தாமதமாயிற்று. வந்தவர்களிடம் புரொபோஃபால் கொடுத்ததை அவர் கூறவுமில்லை.

ஜாக்சன் தாமே கூடுதல் மருந்தைச் செலுத்திக்கொண்டார் என்பது எதிர்த்தரப்பு வாதம். 2011 நவம்பர் 7 அன்று நடுவர் குழு அதை ஏற்காமல், கொலைநோக்கமற்ற உயிரிழப்புக் குற்றத்தை உறுதிசெய்தது. தண்டனை நான்கு ஆண்டுகள். அந்த வாதமே உண்மையாயினும், அத்தகைய மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் விட்டு அகன்றது யார் என்ற கேள்வி எஞ்சியே இருந்திருக்கும். நோயாளி வேண்டிக் கேட்டார் என்பதும் விடையாகாது. கேட்டதை மறுப்பதும் மருத்துவரின் தொழிற்கடமையே. நோயாளியே முதலாளியாகவும் இருக்கும்போது அக்கடமை கடினமாகிறது, ஆனால் இல்லாமற்போவதில்லை.

1848இன் தீர்ப்பும் 2011இன் தீர்ப்பும் முரண்பட்டவை அல்ல. இதை விளக்கும் அளவுகோல் நம் உச்ச நீதிமன்றத்திடமே உள்ளது. ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் (2005), மருத்துவரின் செயலை விசாரணை நாளின் அறிவைக் கொண்டன்றி நிகழ்வு நாளின் அறிவைக் கொண்டே அளக்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் கூறியது. அன்று பொதுவாகக் கிடைக்காத கருவியைப் பயன்படுத்தவில்லை என்று குறைகூறவியலாது என்றும் தெளிவுபடுத்தியது. குற்றவியல் பொறுப்புக்குக் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பே. மருத்துவர்களுக்கான பாதுகாப்பாக மட்டும் இதை வாசிப்பது வழக்கம். அதன் மறுபக்கமும் உண்டு. அறிவும் கருவியும் பரவலானபின் அவற்றைத் துறந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மெகிசன் இவ்வளவுகோலில் தப்புவார், மர்ரே தப்பமாட்டார்.

மருத்துவமனை என்பது கட்டடம் மட்டுமன்று. உயிர்வளி, ஒலிக்கும் எச்சரிக்கை, பதிவேடு, மூச்சை மீட்கத் தெரிந்த இரண்டாவது ஆள், தவறைத் தடுத்துக் கேட்கும் சக மருத்துவர் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மருத்துவமனை. மருந்துக் குப்பியை மட்டும் வெளியே எடுத்துச் செல்பவர் இவற்றையெல்லாம் பின்னால் விட்டுச் செல்கிறார். பல் மருத்துவ அறையிலும் அழகுச் சிகிச்சை நிலையத்திலும் மயக்க மருந்து வழங்கப்படும் இக்காலத்தில், இத்தகைய வழக்குகளை ஆராயும் மாணவர்கள் என்ன மருந்து, எவ்வளவு என்பதோடு நின்றுவிடலாகாது. அந்த அறையில் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தவர் யார் என்றும் கேட்க வேண்டும்.