தாதி உதவியாளர் பயிற்சி: பணம் கட்டுமுன் அறிய வேண்டியவை

உயர் தரப் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "டீச்சர், நேர்ஸிங் கோர்ஸ் ஒன்று இருக்கிறதாம், மகளைச் சேர்க்கலாமா?" சேர்க்கலாம். ஆனால் அது எந்தப் பயிற்சி, யார் வழங்கும் சான்றிதழ் என்பதை அறிந்த பின்னரே பணம் கட்ட வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்வோம். அரச வைத்தியசாலையின் தாதி உத்தியோகத்தர், உயர் தரத் தகைமையுடன் தெரிவாகி, மூன்று வருடப் பயிற்சி பெற்று, தாதியர் சபையில் பதிவு செய்தவர். தாதி உதவியாளர் அவரது மேற்பார்வையில் பணியாற்றுபவர். சில மாதப் பயிற்சியை முடித்த பிள்ளை அரச தாதியாகிவிட முடியாது. "நேர்ஸிங்" என்ற விளம்பரச் சொல்லை நம்பி நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் அறிவேன்.

வேலை என்ன?

நோயாளியைக் குளிப்பாட்டல், வாய் சுத்தம் செய்தல், உணவூட்டல், மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்லல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றல் என்பன அன்றாடப் பணிகள். உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து பதிய வேண்டும். குடித்த நீரையும் வெளியேறிய சிறுநீரையும் கணக்கிட வேண்டும்.

இவை வீட்டில் எல்லோரும் செய்பவைதானே என்று சிலர் நினைக்கின்றனர். படுத்த படுக்கையாக இருப்பவரைக் குறித்த நேரத்துக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுத்த நிலையில் உணவூட்டினால் அது சுவாசக் குழாய்க்குள் போகலாம். பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டவரைப் பலவீனமான கையால் இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு பாதிப்படையும். பாசம் மட்டும் இவற்றைக் கற்றுத் தராது. ஊசி போடுவதும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும் உதவியாளரின் வேலையல்ல. அந்த எல்லையை அறிவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

எந்தச் சான்றிதழ்?

இலங்கையில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வீ.கியூ., 7 மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமமானது. பராமரிப்பாளர், தாதி உதவியாளர் துறைகளில் பெரும்பாலும் 3ஆம், 4ஆம் மட்டங்களிலேயே சான்றிதழ் பெறுகின்றனர். இதற்கு உயர் தரத்தில் விஞ்ஞானப் பிரிவு கட்டாயமில்லை. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவே இதற்குப் பொறுப்பான நிறுவனம்.

நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு, அது நடத்தும் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பதிவு இலக்கத்தை மட்டும் காட்டி, இறுதியில் தமது சொந்தச் சான்றிதழையே கொடுப்போரும் உண்டு. ஆகவே பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உள்ளதா, எந்த மட்டத்துக்கு?
2. செய்முறைப் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை நாட்கள்?
3. தமிழ் மொழியில் கற்கவும் மதிப்பீட்டுக்குத் தோற்றவும் முடியுமா?
4. மதிப்பீட்டுக் கட்டணம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

பதில்களை ஆணைக்குழுவிடமே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தனியார் நிறுவனத்துக்குச் செல்லுமுன் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலும் விசாரியுங்கள்.

வெளிநாடு செல்ல எண்ணுவோர் அந்தந்த நாட்டின் விதியைப் பார்க்க வேண்டும். உதாரணமாக, அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதியோர் பராமரிப்பு இல்லங்களின் தாதி உதவியாளருக்குக் குறைந்தது 75 மணிநேரப் பயிற்சி தேவை. அதில் 16 மணிநேரம் மேற்பார்வையுடன் கூடிய செய்முறையாக இருக்க வேண்டும். தேர்வில் சித்தியடைந்தவரின் பெயர் மாநிலப் பதிவேட்டில் சேரும். எமது சான்றிதழ் அங்கே தானாகச் செல்லுபடியாகாது.

எமது வீடுகளில்

"எமது பெண் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா?" என்ற தயக்கமும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் காயப்பட்டோருக்குச் சிகிச்சையளித்த ருபைதா (ரழி) அவர்களை நாம் பெருமையுடன் பேசுகிறோம். எமது உம்மம்மாவைக் குளிப்பாட்ட ஒரு பெண்தான் வர வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். அப்பெண் யாருடைய வீட்டிலிருந்து வருவாள்?

வீட்டு நோயாளிகளைப் பல வருடங்கள் பராமரித்து அனுபவம் பெற்ற தாய்மாருக்கும் வழி உண்டு. தொழில் அனுபவத்தைச் சான்றுகளுடன் நிரூபித்தால், முழுப் பாடநெறியையும் படிக்காமலே முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸகாத் குழுக்களும் வருடத்துக்கு இரண்டு மூன்று வறிய மாணவிகளின் கட்டணத்தைப் பொறுப்பேற்கலாம். அதற்கு முன் மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் அவர்களே கேட்டு அறியட்டும். தனியொரு தாய் கேட்பதைவிட ஒரு நிர்வாகம் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.