அரசாங்க சபையில் பெண்டிரும் இளைஞரும்

1928 இல் வெளியான டொனமூர் அறிக்கை, வாக்குரிமையை ஆடவர்க்கு 21 வயதிலும் பெண்டிர்க்கு 30 வயதிலும் வழங்குமாறு விதந்துரைத்தது. அவ்வேறுபாடு பின்னர் நீக்கப்பட்டமையால், 1931 இல் இலங்கைப் பெண்டிரும் 21 வயதிலேயே வாக்காளராயினர்.

ஆயின் வாக்காளராதல் வேறு, உறுப்பினராதல் வேறு. முதலாவது அரசாங்க சபையின் 50 தேர்தற் தொகுதிகளுள் பெண்டிர் வென்றவை இரண்டே. 1931 இல் ருவன்வெல்லையில் அட்லின் மொலமுறே, இறந்த தந்தையாரின் இடத்தைப் பெற்றார். 1932 இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து, தேர்தல் வழக்கால் பதவியிழந்த கணவரின் இடத்தைப் பெற்றார். குடும்பப் பெயரே வாயில் திறந்ததெனல் மிகையன்று.

யாழ்ப்பாணத்திலோ, வாலிப காங்கிரசின் பகிஷ்காரத்தால் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாயிருந்தன. பூரண சுயராச்சியம் வேண்டிய இளைஞரின் இலட்சியம் உயர்ந்ததே. எனினும், முதன்முறையாக வாக்குரிமை பெற்ற அத்தொகுதிப் பெண்டிரும் வறியோரும் அதனைப் பயன்படுத்த மூன்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.